பெற்றோல் வண்டியில் டீசல் எஞ்சின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே வகை வண்டியைப் பற்றியவையாக இருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, டீசல் எஞ்சின் ஏற்றப்பட்ட பழைய ஜீப்புகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை முழுமையாகத் திறக்கப்படாதிருந்த காலத்தில், கொட்டிலில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டிகள்கூட மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்கள் இப்போது கையில் ஸ்பனருடன் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கேள்வி: என்னிடம் 1975 ஆம் ஆண்டின் லேண்ட்றோவர் சீரிஸ் 3, 88 அங்குல (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்) வண்டி உண்டு. முன்னைய உரிமையாளர் அதன் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு இசுசு 4ஜேபீ1 டீசல் எஞ்சினை ஏற்றியிருக்கிறார். வயலில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மட்டக்களப்பு நகருக்கு வரும்போது 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் எஞ்சின் அலறுகிறது. டிஸ்கவரி வண்டியின் டிஃபரன்ஷலை (அச்சின் நடுவில் சில்லுகளைச் சுழற்றும் பற்சக்கரத் தொகுதியை) மாற்றிப் போட்டால் சரியாகும் என்கிறார்கள். அதை வீட்டிலேயே செய்யலாமா? இப்போதையதைவிடப் பெரிய 7.50–16 டயர்களும் போட எண்ணியிருக்கிறேன். பிறேக் மிதி கல்லைப் போல் இருக்கிறது. பழைய வண்டியின் இயல்பு அதுவென்று விட்டுவிட்டேன்.
— வயற்காரர் ஒருவர், கொக்கட்டிச்சோலை

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவசரமான விடயம் அதுதான். பெற்றோல் எஞ்சினில், மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் காற்று உள்ளே போகும் வழியை ஒரு தகடு அடைத்துவிடுகிறது. எஞ்சின் தொடர்ந்து இழுப்பதால் அந்தக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. பிறேக்கின் சேர்வோ அந்த வெற்றிடத்தைக் கொண்டுதான் உங்கள் காலுக்கு உதவுகிறது. இத்தகைய டீசல் எஞ்சினிற் பொதுவாக அந்தத் தகடு இல்லை. ஆகவே பழைய வெற்றிடக் குழாயை டீசல் எஞ்சினின் காற்றுக் குழாயில் செருகிவிட்டால், பார்ப்பதற்கு எல்லாம் இணைந்திருக்கும், ஆனால் சேர்வோவுக்கு ஒன்றும் கிடைக்காது. 4ஜேபீ1 எஞ்சினுக்கு இசுசு நிறுவனம் இதற்கென்றே பற்றரிக்கு மின்னூட்டும் ஒல்ரனேற்றரின் பின்பக்கத்தில் ஒரு வெற்றிடப் பம்பைப் பொருத்தியிருக்கிறது. எஞ்சின் ஏற்றியவர், வயரிங் இலகுவாக இருக்கட்டும் என்று ஒரு சாதாரண ஒல்ரனேற்றரைப் போட்டிருந்தால், பம்பும் அத்துடன் போயிருக்கும்.

சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை ஐந்தாறு தடவை அழுத்துங்கள். பிறகு அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். சேர்வோ வேலை செய்தால் மிதி உங்கள் காலுக்குக் கீழே சற்று இறங்கும். இறங்காவிட்டால் ஒல்ரனேற்றரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பம்ப் இருந்தால் அதற்கு எஞ்சினிலிருந்து ஒயில் வரும் மெல்லிய குழாயும், ஒயில் சம்புக்கு (எஞ்சினின் அடித்தொட்டிக்கு) திரும்பும் பருத்த குழாயும் இருக்க வேண்டும். வரும் குழாய் அடைபட்டால் பம்பின் தகடுகள் விரைவில் தேய்ந்துவிடும்; திரும்பும் குழாய் நெளிந்தோ மேல்நோக்கி வளைந்தோ இருந்தால் ஒயில் வெற்றிடக் குழாய் வழியே சேர்வோவை நோக்கிப் போய் அதன் இறப்பர்த் தகட்டைக் கெடுக்கும். வெற்றிடக் குழாயாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தியிருப்பதை நான் ஒரு தடவைக்கு மேல் கண்டிருக்கிறேன். எஞ்சின் சூட்டில் அது மென்மையாகித் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். காலையில் பிடிக்கும் பிறேக் மதியத்தில் பிடிக்காது. உங்கள் வண்டியில் சேர்வோவே இல்லையென்றால் கடினம் இயல்பானதுதான். அப்போதும் பிறேக் சப்பாத்துகளையும் டிரம்களையும் கழற்றிப் பார்க்காமல் டயர் அளவைக் கூட்ட வேண்டாம். 88 அங்குல வண்டியின் 10 அங்குல டிரம்களுக்குப் பதிலாக 109 அங்குல வண்டியின் 11 அங்குல முன் பிறேக்குகளைப் பொருத்துவது நீண்ட காலமாகப் பலர் செய்துவரும் நல்ல மாற்றம்.

இனி அலறலுக்கு வருவோம். உங்கள் வண்டியின் டிஃபரன்ஷல் விகிதம் 4.7, ட்ரான்ஸ்பர் பெட்டியின் (கியர் பெட்டியிலிருந்து முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் பெட்டி) உயர் விகிதம் 1.148. இரண்டையும் பெருக்கினால், நான்காம் கியரில் சில்லு ஒரு முறை சுற்ற எஞ்சின் ஏறக்குறைய 5.4 முறை சுற்ற வேண்டும். 6.00–16 டயர் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீற்றர் ஓடும் என்று கொண்டால், 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2450 சுற்றுகளும், 80 கிலோமீற்றரில் ஏறக்குறைய 3270 சுற்றுகளும் சுற்றும். பழைய பெற்றோல் எஞ்சின் 4000 சுற்றுகளைத் தாண்டியும் ஓடும் என்பதால் அந்த விகிதம் அதற்குப் பொருந்தியது. 4ஜேபீ1 எஞ்சினின் எல்லையோ 3600 சுற்றுகளை அண்டியது. அதன் இழுவிசை 2000 சுற்றுகளை அண்டிய இடத்திலேயே நன்றாகக் கிடைக்கிறது. எஞ்சினை மாற்றியவர் வண்டியின் விகிதத்தை மாற்றவில்லை. அலறலுக்குக் காரணம் அதுவே; எஞ்சினிற் குறை ஏதுமில்லை.

டிஸ்கவரி, பழைய ரேஞ்ச்றோவர் ஆகியவற்றின் 3.54 டிஃபரன்ஷலைப் போட்டால் 80 கிலோமீற்றரில் சுற்று 2460 அளவுக்கு இறங்கும். நகருக்கும் வீட்டுக்கும் இடையில் நாள்தோறும் ஓடுபவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் நீங்கள் வயற்காரர். தாழ் விகிதத்தில் முதலாம் கியரில் இப்போது உங்கள் வண்டியின் மொத்த விகிதம் 40.7 அளவில் இருக்கிறது. எஞ்சின் 800 சுற்றில் சும்மா ஓடும்போது வண்டி மணிக்கு இரண்டரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து போகும். நெல் மூட்டைகளுடன் வரம்பு ஏறி இறங்கும்போதும், குளக்கட்டுச் சரிவில் பிறேக்கைத் தொடாமல் இறங்கும்போதும் உங்களைக் காப்பாற்றுவது இந்த ஊர்தல்தான். 3.54 போட்டால் அது மூன்றரைக் கிலோமீற்றராகும். காகிதத்தில் சிறிய வித்தியாசம். ஈரக் களிமண் சரிவில் அவ்வளவு சிறியதாகத் தோன்றாது. பாரத்துடன் புறப்படும் ஒவ்வொரு தடவையும் கிளச்சும் கூடுதலாகத் தேயும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: பிறேக்கைச் சரிசெய்தபின் முதலில் 7.50–16 டயர்களை மட்டும் போடுங்கள். அவை ஒரு சுற்றில் சுமார் 2.45 மீற்றர் ஓடுவதால் சுற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் இலைவில்லில் உரசினால், முன் அச்சிலுள்ள நிறுத்து போல்ட்டைச் சற்று வெளியே எடுங்கள். டயர் மாற்றமும் போதாவிட்டால் ஓவர்டிரைவ் (மேலதிக உயர் கியர்) ஒன்றைத் தேடுங்கள். ஃபெயாரி நிறுவனத்தின் பழைய ஓவர்டிரைவ் எஞ்சின் சுற்றை 22 சதவீதம் அளவு குறைக்கும். தேவையில்லாதபோது விலக்கிவிட்டால் உங்கள் தாழ் கியர்கள் அப்படியே இருக்கும். தேய்ந்ததை வாங்கிவிடாமல், ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் வாசித்தபின்னும் டிஃபரன்ஷலைத்தான் மாற்றுவேன் என்றால், வீட்டில் மாற்றலாம். ஆனால் முன், பின் இரண்டு அச்சுகளிலும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சில்லு இழுவையைப் போட்டால், இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து ட்ரான்ஸ்பர் பெட்டியை உடைக்கும். அரை அச்சுக்கு 10 பல் கொண்ட பழைய டிஃபரன்ஷலைத் தேடுங்கள். பின்னாளில் வந்தவை 24 பல் கொண்டவை, உங்கள் அரை அச்சு அதற்குள் போகாது. முழுப் பாகமாக வாங்குங்கள்; பற்சக்கரங்களின் இடைவெளியை வீட்டில் அளந்து சீராக்குவது கைப்பழக்கமும் அளவு கருவியும் வேண்டிய வேலை. மாற்றியபின் வேகமானி 60 காட்டும்போது உண்மையில் நீங்கள் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டியின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்னாலுள்ள டிரம்மைத்தான் பிடிக்கிறது. பின் அரை அச்சுகளை அல்லது பின் புறொப் சாஃப்டை (பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் தண்டை) கழற்றிய கணமே கைப்பிறேக் வெறும் அலங்காரமாகிவிடும். ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கினாலும் வண்டி உருளும். நமது மணல் வளவுகளில் ஜக் சத்தமின்றிப் புதையும். ஜக்கின் கீழே அகலமான பலகை வையுங்கள், தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள், சேசிஸைத் தாங்கிகளில் இறக்கிவிட்டுத்தான் கீழே போங்கள்.

கேள்வி: எனது சீரிஸ் 2ஏ வண்டியில் டொயோட்டா 2எல் எஞ்சின் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் வெப்பமானி சிவப்பை எட்டுகிறது. தேர்மோஸ்டற்றை (தண்ணீரின் சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வை) கழற்றி எறியுமாறு கராஜ் பாஸ் சொல்கிறார். எறியலாமா?
— செங்கலடி வாசகர்

பதில்: எறிய வேண்டாம். பல ஜப்பானிய எஞ்சின்களில் தேர்மோஸ்டற் திறக்கும்போது, ரேடியேற்றருக்குள் போகாத குறுக்கு வழியை அதே பாகமே அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைக் காணாமலே திரும்பும். ஏறுவெயிலில் பாரம் இழுக்கும்போது நிலைமை மோசமாகும். 2எல் எஞ்சினைச் சூடேற விட்டால் சிலிண்டர் தலை வெடிப்பது ஊரறிந்த செய்தி; அதனால் இங்கே பரீட்சை செய்துபார்க்க இடமில்லை.

முதலில் மானி உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். மானி லேண்ட்றோவருடையது, எஞ்சினிலுள்ள உணரி டொயோட்டாவினுடையது. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. தேர்மோஸ்டற் கூட்டின்மேல் வெப்பமானி ஒன்றை வைத்து அளந்து ஒப்பிடுங்கள். 82 பாகைக்கு மானி சிவப்பைக் காட்டினால் உங்கள் நோய் மானியிலேயே இருக்கிறது. உண்மையிலேயே சூடேறுகிறது என்றால், ரேடியேற்றரை விளக்கு வைத்துப் பாருங்கள். அறுவடையில் பறக்கும் பதரும் சுணையும் அதன் இதழ்களுக்கிடையில் பாய் முடைந்தாற்போல் அடைந்திருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் இன்னும் உள்ளே போய் இறுகும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கிக் கழுவ வேண்டும்.

எஞ்சின் மாற்றிய வண்டிகளுக்கே உரிய குறைகள் வேறு இரண்டு உண்டு. புதிய எஞ்சினின் காற்றாடி ரேடியேற்றரின் நடுவுக்கு நேரே நிற்பதில்லை. அது ஒரு மூலையை மட்டும் குளிர்விக்கும். தகரத்தில் ஒரு கூடு அடித்து ரேடியேற்றரோடு பொருத்தி, காற்றாடியின் அகலத்தில் பாதி கூட்டுக்குள் இருக்குமாறு வைத்தால் முழு ரேடியேற்றரும் வேலை செய்யும். உங்கள் ஊர் டிங்கரிங் பாஸ் இதை அரை நாளில் செய்துவிடுவார். மற்றது, எஞ்சினின் தண்ணீர் வெளிவரும் வாய் ரேடியேற்றரின் மேல் தொட்டியைவிட உயரத்தில் இருப்பது. அங்கே காற்று தங்கும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நீங்காது. ஆக உயரமான இடத்தில் ஒரு சிறு தொட்டியை வைத்து அதிலிருந்து நிரப்புவதே வழி. 2எல் எஞ்சினில் ரைமிங் பெல்ட் இருப்பதால், அது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். 100,000 கிலோமீற்றருக்கு மேல் அதை நம்பக் கூடாது.

கேள்வி: லொறி ஒன்றிலிருந்து எடுத்த எஞ்சினை எனது ஜீப்பில் ஏற்றியிருக்கிறேன். இரண்டு பற்றரிகள் உண்டு. எப்போதும் ஒன்று மட்டும் ஆறு மாதத்தில் செத்துவிடுகிறது. பற்றரிக் கடைக்காரர் என்னைக் கண்டாலே சிரிக்கிறார்.
— சம்மாந்துறை வாசகர்

பதில்: ஜப்பானிய லொறி எஞ்சின்களிற் பலவற்றின் ஸ்டார்ட்டரும் ஒல்ரனேற்றரும் 24 வோல்ற்றுக்கானவை. உங்கள் ஜீப்பின் விளக்கு, ஹோர்ன், மானிகள் எல்லாம் 12 வோல்ற். ஏற்றியவர் இரண்டு பற்றரிகளையும் தொடராக இணைத்து 24 எடுத்துவிட்டு, விளக்குகளுக்கு ஒரு பற்றரியில் இருந்து மட்டும் 12 எடுத்திருப்பார். ஒரு மாட்டுக்கு மட்டும் இரட்டிப்பு வேலை கொடுத்து, இரண்டுக்கும் ஒரே அளவு வைக்கோல் போட்டது போன்ற கதை இது. விளக்கைச் சுமக்கும் பற்றரி எப்போதும் அரைவயிற்றில் நிற்கும். மற்றது அளவுக்கு மிஞ்சி ஊட்டப்பட்டுக் கொதிக்கும்.

சரியான தீர்வு, முழு வண்டியையும் 12 வோல்ற்றுக்குக் கொண்டுவருவது: ஸ்டார்ட்டர், ஒல்ரனேற்றர், குளோ பிளக்குகள் (இயக்குமுன் சிலிண்டரைச் சூடாக்குபவை), எஞ்சினை நிறுத்தும் சொலனொயிட் ஆகிய நான்கையும் மாற்ற வேண்டும். குளோ பிளக்கை மறந்துவிடுபவர்கள் அதிகம். 12 வோல்ற் பிளக்குக்கு 24 கொடுத்தால் சில விநாடிகளில் எரிந்துபோகும். மறுபக்கமாக 24 வோல்ற் பிளக்குக்கு 12 கொடுத்தால் சூடேறாது, ஆனால் நமது கரையோரத்தில் விடியற்காலையிலும் குளிர் குறைவாகையால் எஞ்சின் எப்படியோ இயங்கிவிடும், யாருக்கும் தெரியாமலே ஆண்டுகள் கழியும். நான்கையும் மாற்றப் பணமில்லையென்றால், 24இலிருந்து 12 ஆக்கும் மாற்றிக் கருவி ஒன்றை வாங்கி, விளக்குகள் அனைத்தையும் அதன் வழியாகக் கொடுங்கள். பற்றரியின் நடுவிலிருந்து வயர் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். சேசிஸில் வெல்டிங் செய்யும்போது பற்றரி இணைப்புகளையும் ஒல்ரனேற்றர் வயர்களையும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் இத்துடன் சொல்லிவைக்கிறேன். எனது சொந்த வண்டியில் ஒரு கராஜ் அதைச் செய்யாமல் விட்டதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: காலையில் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் அடித்தால்தான் எஞ்சின் பிடிக்கிறது. வாகரைப் பக்கம் மணற் பாதையில் வண்டி சாய்ந்தால் நின்றுவிடுகிறது. ஊசிப் பம்பை (எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் பம்பை) கழற்றிக் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.
— வாழைச்சேனை வாசகர்

பதில்: அனுப்புவதற்கு முன் ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். டீசல் வடிகட்டிக்கும் ஊசிப் பம்புக்கும் இடையில் அதைப் பொருத்தி எஞ்சினை ஓட்டினால், குமிழிகள் போவது தெரியும். போனால் எங்கேயோ காற்று இழுக்கிறது, பம்பில் நோயில்லை. பெற்றோல் குழாயில் சிறு கசிவு இருந்தால் மணம் காட்டிக்கொடுக்கும். டீசல் உறிஞ்சப்படும் குழாயில் இருந்தால் ஒன்றும் சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். உங்கள் பழைய பெற்றோல் தொட்டியில் டீசல் திரும்பி வரும் குழாய்க்கு வாயே இருந்திருக்காது. அதை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உறிஞ்சும் குழாயிலேயே இணைத்திருந்தால் உங்கள் நோய் அங்கேதான். தொட்டிக்கே கொண்டுபோய்த் தனி வாய் வைத்து விடுங்கள். உறிஞ்சும் முனை தொட்டியின் அடிவரை போகிறதா என்றும் பாருங்கள். சாய்ந்தவுடன் நிற்பதற்கு அதுவும் காரணமாகலாம். நாகம் பூசிய தகரமும் செம்பும் டீசலுக்கு ஆகாதவை. தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைச் சேர்த்து மாரியில் வாரந்தோறும் வடியுங்கள். ஊசிகளின் (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின்) இணைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கும்போது கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கேள்வி: வெள்ளத்தில் ஓட்டுவதற்காக பி.வி.சி. குழாயில் காற்றுக்குழாய் செய்து கூரை வரை உயர்த்தியிருக்கிறேன். இனி எவ்வளவு ஆழம் வரை இறக்கலாம்?
— பொத்துவில் வாசகர்

பதில்: டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை என்பதால், காற்று கிடைக்கும்வரை தண்ணீருக்குள்ளும் அது ஓடும் என்பது உண்மை. ஆனால் ஒரு குவளை தண்ணீர் சிலிண்டருக்குள் போனாலும், தண்ணீர் அமுங்காதாகையால் இணைப்புக் கம்பி வளையும். ஆகவே உங்கள் குழாயின் உயரத்தைவிட முக்கியமானவை அதன் மூட்டுகள். எஞ்சினை இயக்கி, குழாயின் மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. மாரியில் அதன் வழியே தண்ணீரும், கோடையில் கிரவல் தூசியும் போகும். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இறப்பர் மூட்டே பெரும்பாலும் குற்றவாளி.

அச்சுகளின் மேலுள்ள மூச்சுத் துளைகளுக்கு மெல்லிய குழாய் போட்டு உயர்த்துங்கள். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துளையாலும் சீல்களாலும் தண்ணீரை உறிஞ்சும். வெள்ளத்துக்குள் போய்வந்தபின் ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். வாவியின் உவர்நீரில் இறங்கிய வண்டியை நல்ல தண்ணீரால் அடிவரை கழுவுங்கள். லேண்ட்றோவரின் உடல் அலுமினியக் கலவை, சட்டம் இரும்பு, இரண்டுக்கும் நடுவே உப்பு நீர் நின்றால் அலுமினியம் விரைவாக அரித்துப்போகும்.

ஆழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நின்ற தண்ணீரில் சில்லின் நடு அச்சுக்கு மேல் போக வேண்டாம். ஓடும் தண்ணீரில் அதையும் நம்ப வேண்டாம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துச் சென்றது. கிரான் பாலத்தடியில் தண்ணீர் குறுக்கே பாயும்போது, கூரை வரை குழாய் உயர்த்திய ஜீப்பும் படகுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: பதிவுப் புத்தகத்தில் இன்னும் பெற்றோல் என்றே இருக்கிறது. பரவாயில்லையா?
— கல்முனை வாசகர்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு முன் செய்யும் புகைப் பரிசோதனை பெற்றோலுக்கு ஒருவிதம், டீசலுக்கு வேறுவிதம். அங்கேயே கேள்வி எழும். அதைவிட, விபத்து ஒன்று நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது புத்தகத்திலுள்ள இலக்கமும் எஞ்சினிலுள்ள இலக்கமும் ஒன்றா என்பதைத்தான். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். முன்னைய உரிமையாளர் இன்னும் ஊரிலேயே இருந்தால், அவர் வெளிநாடு போவதற்கு முன் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.